தொண்ணூற்றிரண்டாம் மீட்டர்

எனக்கு இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. உட்கார்ந்து எழுந்தால் கடகடவென்று சத்தம் கேட்கும். பக்கத்தில் இருப்பவர்கள் நாற்காலிதான் ஆடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். மருத்துவர் நன்றாக நடக்கச் சொன்னார், படி ஏறி இறங்கினால் இன்னும் நல்லது என்றார். அதனால்தான் கடந்த பத்து மாதமாக, சுரங்கத்தின் மேல் தளத்தில் எனக்கு வேலை இருந்த ஒவ்வொரு புதன்கிழமையும், ஆட்களை இறக்கும் கூண்டில் போகாமல் பழைய சரிவுப் பாதையில் எண்ணூற்றுப் பன்னிரண்டு படி இறங்கினேன். வேலை முடிந்ததும் அதே எண்ணூற்றுப் பன்னிரண்டு படி ஏறினேன். நீங்கள் முதலில் கேட்டது இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இதைவிட முக்கியமான விஷயங்கள் இருக்கின்றன.

நான் சுரங்கத்தின் உலோகச் சோதனைக்கூடத்தில் இருபத்தேழு வருடமாக வேலை பார்க்கிறேன். சோதனைக்கூடம் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இயந்திர அறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் மூன்று இயந்திரங்கள். ஒன்று கம்பியை இழுக்கும், ஒன்று முறுக்கும், ஒன்று மடக்கும். வீட்டிலும் நான் செய்வது இந்த மூன்றும்தான் என்று என் மனைவி சொல்வாள். நான் பட்டம் வாங்கியவன் இல்லை. பயிற்சிப் பள்ளியில் மூன்று வருடம் படித்துவிட்டு வந்தவன். மற்றதெல்லாம் கயிறு சொல்லிக்கொடுத்தது.

கயிறு என்றால் கூண்டைத் தாங்கும் கம்பிக் கயிறு. எங்கள் குழியின் ஆழம் அறுநூற்று நாற்பது மீட்டர். ஒரு தடவைக்குப் பதினாறு பேர் கூண்டில் ஏறலாம். கயிற்றின் ஒரு முனை இயந்திர அறையில் இருக்கும் பெரிய உருளையில் சுற்றியிருக்கும். அங்கிருந்து வெளியே வந்து, கோபுர உச்சியில் இருக்கும் கப்பியில் ஏறி, குழிக்குள் இறங்கும். மறுமுனை கூண்டின் தலையில் மாட்டியிருக்கும். பதினாறு உயிருக்கும் வேறு பிடிமானம் கிடையாது.

ஒரு காலத்தில் சுரங்கங்களில் சங்கிலி போட்டார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று. நார்க்கயிறு போட்டார்கள், அது ஈரத்தில் மக்கியது. அதற்குப் பிறகுதான் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கும் யோசனை சுரங்கக்காரர்களுக்கு வந்தது. எங்கள் கயிற்றில் நூற்றுப் பதினான்கு கம்பிகள். பத்து அறுந்தாலும் மிச்சம் தாங்கும், மிச்சமும் அறுவதற்குள் யாராவது பார்த்துவிடுவார்கள். மொத்த நம்பிக்கையும் அந்த 'யாராவது' மேல்தான். இருபத்தேழு வருடமாக அந்த யாராவது நான்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூண்டைக் கழற்றி, கயிற்றின் முனையில் மூன்று மீட்டரை வெட்டி என்னிடம் கொடுப்பார்கள். விதி அப்படி. நான் அதைப் பிரித்து ஒவ்வொரு கம்பியாக இழுத்து, முறுக்கி, மடக்கிப் பார்ப்பேன். நல்ல கம்பி முப்பது முறுக்கு தாங்கும். கெட்ட கம்பி எட்டில் ஒடியும். எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டால் கயிறு இன்னும் ஆறு மாதம் ஓடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் அந்த விதியின் அடிப்படை. ஆனால் கயிறு சோறு இல்லை. வெட்டி வெட்டி எடுப்பதால் அந்த முனை எப்போதும் ஓரளவு புதிதாகவே இருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் சோதித்தது, கயிற்றிலேயே உடம்பு நன்றாக இருக்கும் பகுதியை.

இது எனக்கு ஆறாம் வருடம் உறைத்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கயிற்றை மொத்தமாகக் கழித்துவிட்டுப் புதுசு போடுவார்கள். கழித்த கயிறு பழைய இரும்போடு போய்விடும். அதை நான் கேட்டு வாங்கினேன். பத்து மீட்டருக்கு ஒரு துண்டாக வெட்டி, எல்லாத் துண்டையும் பிரித்துச் சோதித்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் விடுமுறைகளிலும் செய்தேன். என் கண் இந்தக் கண்ணாடிக்கு வந்தது அதனால்தான். பிறகு அதற்கு முன்பு போட்டிருந்த கயிறு கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்தது தெரிந்து அதையும் இழுத்துவந்தேன். அப்படி ஏழு கயிறுகள். இருபத்தோரு வருடத்துக் கயிறு. கயிற்றுக்கு ஒன்றாக ஏழு நீல அட்டை நோட்டுகள்.

ஏழும் ஒரே விஷயத்தைச் சொன்னன. தொண்ணூற்றிரண்டாம் மீட்டர். கூண்டு அடித்தளத்தில் நிற்கும்போது கப்பியின் மேல் உட்கார்ந்திருக்கும் இடம் அது. ஒவ்வொரு தடவை கூண்டு கிளம்பும்போதும் மொத்தக் கனமும் அந்த வளைவில் விழும். மழைத் தண்ணீரும் அங்கேதான் தேங்கும். மேலே பார்த்தால் மசகு எண்ணெய் பூசிப் பளபளவென்று இருக்கும். பிரித்தால் அத்திப்பழம் மாதிரி உள்ளே அத்தனையும் சொத்தை. அந்த இடத்தில் உள் கம்பிகள்தான் முதலில் போகும், வெளிக் கம்பிகள் கடைசியில்தான் போகும். ஐந்தாவது கயிறு, புதுக் கயிறு வரத் தாமதமானதால் மூன்றே முக்கால் வருடம் ஓடியது. கழற்றிப் பார்த்தபோது அந்த இடத்தில் இருபத்தாறு கம்பிதான் முழுதாக இருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

இங்கே ஒன்றைக் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கயிற்று வேலையில் தூரத்தை உருளைப் பக்கத்திலிருந்துதான் எண்ணுவோம். கூண்டுப் பக்கம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று மீட்டர் குறைந்துகொண்டே வரும். குறைகிற முனையிலிருந்து யார் எண்ணுவார்கள்? என் நோட்டுகளில் தூரம் மட்டும் இருக்கும், எங்கிருந்து என்று இருக்காது. கயிற்றைத் தொட்டவன் எவனும் அதைக் கேட்கமாட்டான்.

மாப்பிள்ளை கயிற்றைத் தொட்டதில்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அவரைக் கண்டுபிடித்ததே நான்தான். ஆராய்ச்சிப் பிரிவுக்குப் புதிதாக வந்த பட்டதாரிப் பொறியாளர், அமைதியான ஆள், வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாது என்று நினைத்து வீட்டுக்கு அழைத்துப்போனேன். தங்கைக்குப் பிடித்துப்போயிற்று. அப்பா இல்லாத வீடு. கல்யாணத்தை முன்னின்று நடத்தியவன் நான். பன்னிரண்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டோம், ஒன்றாக ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். நோட்டுகளைப் பற்றி என் மனைவிக்குக்கூட முழுதாகத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டார்.

"மச்சான், அந்த நோட்டையெல்லாம் ஒரு வாரம் குடுங்க. நிதானமாப் பாக்கணும்னு ஆசை. நாம ரெண்டு பேரும் சேந்து ஏதாவது எழுதலாம்ல?"

நான் அதைப் பழைய துணியில் சுற்றிக் கொடுத்தேன். ஒரு வாரம் நாலு மாதமாயிற்று. திரும்பி வந்தபோது மூன்றாவது நோட்டின் அட்டையில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம் இருந்தது. ஆய்விதழ் அதற்கடுத்த மாதம் வந்தது. பதினெட்டுப் பக்கக் கட்டுரை, என் ஏழு கயிறுகள், என் அட்டவணைகள், என் வரைபடம். பெயர் அவருடையது மட்டும். கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், 'கம்பிகளைச் சோதிப்பதில் உதவிய சோதனைக்கூட ஊழியர்களுக்கு நன்றி' என்று இருந்தது. சோதனைக்கூடத்தில் ஊழியர்கள் என்று பன்மையில் யாரும் இல்லை. நானும் மூன்று இயந்திரங்களும்தான்.

எனக்கு வலித்தது. அதை மறைக்கப் போவதில்லை. கூடப்பிறந்தவளிடம் சொன்னால் ஆறும் என்று தங்கையிடம் போனேன்.

"அவர் பேர் வந்தா என்ன, உன் பேர் வந்தா என்னண்ணா? வீட்டுக்குள்ளதானே போச்சு" என்றாள். பிறகு, "நீ எழுதியிருந்தா யாரு படிச்சிருப்பா சொல்லு" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. தலைமைப் பொறியாளர் பதவியும் வந்தது. நான் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். மேடையில் அவர் ஒரு துண்டுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார், கையில் மசகு ஒட்டாமல் கைக்குட்டையில் சுற்றி.

அன்று மாலை கட்டுரையை முதல் வரியிலிருந்து படித்தேன். பதினொன்றாம் பக்கத்தில் அவருடைய சொந்த வாக்கியம் ஒன்று இருந்தது. மொத்தக் கட்டுரையிலும் அவர் தானாக எழுதியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 'கூண்டு மாட்டியிருக்கும் முனையிலிருந்து தொண்ணூற்றிரண்டு மீட்டரில் கயிறு மிக அதிகமாக நலிவடைகிறது.'

நான் அதை நாலைந்து தடவை படித்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. களவாண்டவன் பூட்டை உடைத்துவிட்டுச் சாவியைத் தேடிய கதை.

அந்தக் கட்டுரையை வைத்து நிர்வாகம் புது விதி கொண்டுவந்தது. மாதம் ஒருமுறை கூண்டிலிருந்து தொண்ணூற்றிரண்டு மீட்டரில் மசகைத் துடைத்து, கயிற்றின் புரியை நெம்பி உள்ளே பார்க்க வேண்டும். மோசமான இடம் எது என்று தெரிந்து, மாதாமாதம் பார்க்கிறோம். எனவே மூன்று வருடத்தில் கயிற்றைக் கழிக்கத் தேவையில்லை, நாலரை வருடம் ஓட்டலாம். அந்த யோசனையும் மாப்பிள்ளையுடையதுதான். அப்போது ஓடிக்கொண்டிருந்த எட்டாவது கயிற்றுக்கு ஒரு வயது.

கூண்டிலிருந்து தொண்ணூற்றிரண்டாம் மீட்டர் என்பது எந்த வம்புக்கும் போகாத இடம். குழிக்குள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அதை மாதாமாதம் துடைத்துப் பார்த்து, 'நன்று' என்று எழுதினார்கள். நன்றாகத்தான் இருந்தது.

நான் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். என்னை யாரும் கேட்காமல் இல்லை. மூன்று பேர் கேட்டார்கள். முதலில் மாப்பிள்ளையே கேட்டார். கட்டுரை வந்த பிறகு நான் அவர் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஒருநாள் அவரே கொட்டகைக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"மச்சான், மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. சூழ்நிலை அப்படி ஆயிடுச்சு. கட்டுரையில ஏதாவது தப்பு இருந்தாச் சொல்லுங்க, திருத்திடலாம்."

"எல்லாம் சரியா இருக்கு மாப்ள" என்றேன்.

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, அவர் பயந்தது எதற்கு என்று புரிந்தது. நோட்டைப் பற்றி ஊரில் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயந்தார். கயிற்றைப் பற்றி அவருக்குப் பயமே இல்லை.

இரண்டாவது, சுரங்க மேலாளர். புது விதியை முடிவு செய்த கூட்டத்தில் என் பக்கம் திரும்பி, "இத்தனை வருஷமா கயிறு பாக்குறவர் நீங்க. ஏதாவது சொல்லணுமா?" என்றார். "கட்டுரையிலயே எல்லாம் இருக்கு சார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மச்சான் என்று யாரோ சொன்னார்கள்.

மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்கிறேன். கூண்டோடு போய் வந்து, மணி அடித்து இயந்திர அறைக்குத் தகவல் சொல்லும் ஒருவர் இருந்தார். மணியண்ணன் என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். நல்ல பருமன், அவர் ஏறினால் கூண்டில் பதினைந்து பேர்தான் நிற்க முடியும் என்று கேலி செய்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் கயிற்று முனையை வாங்கப் போகும்போது, "என்ன சார், நம்ம எடையைத் தாங்குமா? இல்ல சாப்பாட்டைக் குறைக்கணுமா?" என்பார். இருபது வருடமாக அதே நகைச்சுவை. இருபது வருடமாக நானும் சிரித்தேன்.

எட்டாவது கயிற்றுக்கு மூன்று வயது முடிந்தது. பழைய கணக்குப்படி கழித்திருக்க வேண்டிய மாதம். கழிக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து நான் படியில் போக ஆரம்பித்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, சரிவுப் பாதையின் வாயிலில் மணியண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், இப்பல்லாம் கூண்டுப் பக்கமே காணோம்?"

"மூட்டுவலி. டாக்டர் நடக்கச் சொன்னார்."

"மூட்டுவலிக்கு யாராவது எண்ணூறு படி ஏறுவாங்களா? அந்த டாக்டர் பேரைச் சொல்லுங்க, என் மாமியாரை அனுப்பறேன்." சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கயிறு நல்லாத்தானே சார் இருக்கு?"

"சோதனையில தேறிடுச்சு" என்றேன்.

அது உண்மை. மூன்று வயதிலும், பிறகு மூன்றரை வயதிலும் முனையை வெட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கம்பியும் முப்பதுக்கு மேல் முறுக்கு தாங்கியது. இருபத்தேழு வருடத்தில் நான் ஒரு பொய் எண்கூட எழுதியதில்லை. என் பதிவேடுகளை எத்தனை நிபுணர்களிடம் வேண்டுமானாலும் காட்டலாம். நான் பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

நான் நினைத்தது இதுதான். ஏதாவது ஒருநாள் கப்பிப் பக்கத்தில் வெளிக் கம்பி ஒன்றிரண்டு அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். மசகு பூசுகிறவர் கண்ணில் படும். கயிற்றை நிறுத்துவார்கள். கட்டுரை சொன்ன இடம் ஒன்று, கயிறு போன இடம் வேறொன்று என்றாகும். அப்போது யாராவது என்னிடம் வந்து கேட்பார்கள். நான் நோட்டுகளைத் துணியைப் பிரித்து மேசைமேல் வைப்பேன். அவ்வளவுதான் நான் விரும்பியது. ஒரு மனிதன் தன் உழைப்புக்கு அவ்வளவுகூட ஆசைப்படக் கூடாதா?

நீங்கள் குறுக்கிட்டு, 'அந்த இடத்தில் வெளிக் கம்பி கடைசியில்தான் போகும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்' என்கிறீர்கள். சொன்னேன். இரண்டாவது நோட்டில் எழுதியும் இருக்கிறேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் ஷிப்ட் ஆட்கள் வேலை முடிந்து மேலே வருகிற நேரம், பிற்பகல் இரண்டு பத்து. கூண்டு அடித்தளத்திலிருந்து கிளம்பி நாற்பது மீட்டர் ஏறியிருந்தது. நான் கொட்டகையில் இருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. யாரோ பக்கத்து அறையில் இரும்புக் கதவைச் சாத்தியது போல இருந்தது. பிறகு உருளை சும்மா சுற்றும் சத்தம் கேட்டது. நாற்பது மீட்டர் விழுந்தால்கூட ஒன்றிரண்டு பேர் பிழைத்திருக்கலாம் என்கிறார்கள். ஆனால் கூண்டுக்குப் பின்னாலேயே அறுநூறு மீட்டர் கயிறும் விழுந்தது. பதினைந்து பேரும், மணியண்ணனும்.

எல்லாரும் குழி வாய்க்கு ஓடினார்கள். நான் இயந்திர அறைக்குப் போனேன். அங்கே உருளைப் பக்கத்துக் கயிறு அறுந்த முனையோடு தரையில் கிடந்தது. நாடாவை எடுத்து அளந்தேன். தொண்ணூற்றொரு மீட்டர் அறுபது சென்டிமீட்டர். என் கணக்கில் நாற்பது சென்டிமீட்டர்தான் பிசகு. கொட்டகைக்குத் திரும்பி, எட்டாவது கயிற்றுக்கென்று வாங்கிவைத்த நோட்டைத் திறந்து, தேதி போட்டு எழுதினேன். இந்தத் தடவை 'உருளையிலிருந்து' என்றும் எழுதினேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்தார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். வாசலிலேயே நின்றார்.

"மச்சான். நோட்டுல இருக்கிற தூரமெல்லாம் எங்கேருந்து எண்ணினது?"

மூன்று வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. சொன்னேன். அவர் அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கட்டுரை வந்த அன்னிக்கே தெரியுமா?"

"அன்னிக்குச் சாயங்காலமே" என்றேன்.

அவர் அழுததைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெகுநாள் கழித்து அவர் என்னை மச்சான் என்று மனதார அழைத்திருக்கிறார் என்று மட்டும் நினைத்தேன். என் தங்கை அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பெயர் வீட்டுக்குள்தானே இருக்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லவில்லை.

விசாரணைக்கு வந்த அன்று என் மேசை இழுப்பறையில் நீங்கள் எடுத்த வரைபடம் என்னுடையதுதான். எட்டாவது கயிறு எந்த மாதம் வரை தாங்கும் என்று போட்ட கோடு. சிவப்பு வட்டம் போட்ட நாளுக்கும் நடந்த நாளுக்கும் மூன்று வாரம்தான் வித்தியாசம் என்று நீங்களே கணக்குப் பார்த்துவிட்டீர்கள். ஆனாலும் மதிப்பீடு வேறு, நிச்சயம் வேறு. கயிறு அறும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. துரோகம் செய்தது அவர். வாக்கியம் அவருடையது. என்னுடையது மௌனம் மட்டும். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுற்றிச் சுற்றி நீங்கள் மறுபடி அந்தப் படிகளுக்கே வருகிறீர்கள். நடக்கச் சொன்ன மருத்துவர் யார், எந்தத் தேதியில் பார்த்தீர்கள், சீட்டு இருக்கிறதா என்கிறீர்கள்.

சீட்டு இல்லை. மருத்துவரும் இல்லை. இந்த முழங்காலை நான் இதுவரை யாரிடமும் காட்டியதில்லை. உண்மையைச் சொன்னால், படி ஏற ஏற வலி கூடத்தான் செய்தது.